குளக்கட்டு றீல்

பழைய படங்களைத் திரும்பப் பார்க்கலாமா கூடாதா என்று என் வீட்டில் அடிக்கடி சண்டை வரும். சின்ன வயதில் உயிராக இருந்த படம் இப்போது பார்த்தால் சப்பென்று இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். மூத்தவன் அதற்குப் பயந்தே பழைய படம் ஒன்றையும் தொடுவதில்லை. நினைவு கெட்டுப்போகுமாம். எனக்குச் சிரிப்பு வரும். இந்த விசாரணையெல்லாம் நாங்கள் கண்டாவளைப் பக்கத்தில் எப்போதோ நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டோம். ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பெண்கள் ஏறிப் போய், கிளிநொச்சிப் படக்கொட்டகையில் இருந்து சொன்ன தீர்ப்பு அது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னோடு வாதாட வருவீர்கள். ராசா ராணிப் படம், கத்திச்சண்டை உண்டு, கடைசியில் கலியாணம் உண்டு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

அம்மா அந்தப் படத்தைக் கலியாணத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் பார்த்திருந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை பார்த்த ஒரே படம் அதுதான். கலியாணம் முடிந்த கையோடு, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துவிட்டது என்று ஐயா அவரைக் காட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனாரை. காடு வெட்டி, வீடு கட்டி, வயல் திருத்தி அம்மா நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளைகள் நாங்கள் வந்து நின்றோம். இதற்குள் அடுத்த படத்துக்கு எங்கே போவது. கையில் இருந்த ஒரு படத்தையே வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஓட்டினார்.

எங்கள் பக்கத்தில் களை பிடுங்குவது கூட்டு வேலை. இன்றைக்கு எல்லாப் பெண்களும் எங்கள் வயலில் இறங்குவார்கள், நாளைக்கு அடுத்தவர் வயலில். வரிசையாக நின்று முதுகை வளைத்து ஒரே சீராக முன்னால் போகவேண்டும். கோடைச் சிறுபோகத்து வெயிலில் அது லேசுப்பட்ட வேலையில்லை. அந்த வரிசையின் நடுவில் நின்றுகொண்டு அம்மா படம் சொல்லுவார். நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும். பின்தங்கிப் போனவளுக்குக் கேட்காது. கேட்கவேண்டுமென்றால் கையை விசுக்கி வரிசைக்கு வந்து சேரவேண்டும்.

“பிறகு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“முன்னுக்கு வாங்கோ, சொல்லுறன்” என்பார் அம்மா.

ராசகுமாரியின் தலைவிதியைக் காட்டிக் காட்டியே வரம்பிலிருந்து வரம்புக்கு அந்த வரிசையை இழுத்துப் போய்விடுவார். அதனால் எங்கள் வயலுக்கு ஆள் குறைந்ததே இல்லை. மற்றவர்களின் வயலில்கூட, அம்மா வருகிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் பெண்கள் இறங்குவார்கள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அம்மாவுக்குப் பக்கத்தில் இறங்கி, கோரையோடு சேர்த்து நெல்லையும் பிடுங்கி ஏச்சு வாங்குவேன். ஏச்சு எனக்கு ஏறாது. படம் காட்டுகிறவரின் மகள் அல்லவா நான்.

படத்தில் எல்லாரும் காத்திருக்கிற இடம் குளக்கட்டு உடைகிற இடம். விடாமல் மழை பெய்யும். நாட்டின் பெரிய குளம் முட்டி வழியும். குளக்கட்டில் நண்டு வளை அளவுக்கு ஒரு துளை விழுந்து தண்ணீர் கசியும். அரண்மனையில் மந்திரிமார் கூடி, இது யாருடைய பிழை என்று விவாதம் நடத்துவார்கள். ராசகுமாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழும்பிவிடுவாள். ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணும் வைக்கோலும் போடுவாள். உடைப்பு இன்னும் அகலும். அரண்மனைக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லுவாள். கதவுகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். கடைசியில் தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, “எழும்புங்கோ அப்பா” என்பாள். ராசா எழும்புவார். பெண்கள் சிங்காசனத்தைச் சுமந்து வந்து உடைப்பில் தள்ளுவார்கள். தண்ணீர் நின்றுவிடும்.

இந்த இடம் வரும்போது வரிசையில் ஒருத்திக்கும் முதுகு நோகாது. குளம் உடைவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். மாரி முற்றிய நாட்களில் ஆண்கள் குளக்கட்டில் காவல் நிற்க, பிள்ளைகளையும் நெல் மூட்டைகளையும் உயரத்தில் ஏற்றிவைத்துவிட்டு நித்திரையில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். சிங்காசனம் தண்ணீருக்குள் விழுகிற சத்தத்தை அம்மா வாயாலேயே எழுப்புவார். பக்கத்துக் காணி அக்கா என்று ஒருவர் இருந்தார், நாக்குக் கொஞ்சம் நீளம். அவர் ஒவ்வொரு முறையும் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்று, “சும்மா இருந்தவைக்கு வேணும்” என்பார்.

அந்த வருஷம்தான் மாமி வந்தார். ஐயாவின் தமக்கை, சாவகச்சேரியில் இருப்பவர். தம்பி காட்டுக்குள் எப்படிச் சீவிக்கிறான் என்று பார்த்துப்போக வந்தவர், பார்த்தது போதாமல் தங்கிவிட்டார். மாமி பொய் பேசமாட்டார். அது அவருக்குப் பெருமை, மற்றவர்களுக்குத் தொல்லை. வேண்டாத ஆள் படலையில் நின்று கூப்பிட்டாலும் “வீட்டில் ஒருத்தரும் இல்லை” என்று சொல்ல எங்களை விடமாட்டார். கறியில் உப்புக் கூடினால் சமைத்தவளின் முகத்துக்கு நேரே சொல்லுவார். சமைத்தவள் அநேகமாக அம்மாதான்.

ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் வந்து நின்றார். அம்மா அப்போது அரண்மனைக் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“மச்சாள், இது எந்தப் படம்?”

அம்மா பெயரைச் சொன்னார்.

“அதை நானும் பாத்தனான். அதில குளமும் இல்லை, கட்டும் இல்லை.”

“உங்களுக்கு மறந்திருக்கும் மச்சாள்” என்றார் அம்மா, நிமிராமல்.

“எனக்கு மறதி கிடையாது. நீர்தான் இல்லாததையும் சேர்த்துச் சொல்லுறீர்.”

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துக் காணி அக்கா கையிலிருந்த கோரைப் பிடியை வரம்பில் போட்டார்.

“அப்ப இவ்வளவு நாளும் பொய் சொல்லி எங்களைப் பேய்க்காட்டினதோ?”

படமே ஒரு கட்டுக்கதை, அதில் ஒரு துண்டு கூடினால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு அது அப்படியில்லை. எங்கோ ஒரு திரையில், ஊர் உலகம் பார்க்க, அந்தச் சிங்காசனம் தண்ணீரில் விழுந்தது என்று நம்பியிருந்தார்கள். தங்களைப் போலச் சேறு பூசிய ஒருத்தி வயலுக்குள் நின்று நினைத்துச் சொன்னது என்றால் அதற்கு மதிப்பு வேறு. அடுத்த நாள் எங்கள் வயலுக்குப் பாதிப்பேர்கூட வரவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாடு தொலைந்துவிட்டது, இன்னொருத்தி காரணமே சொல்லவில்லை. வந்தவர்களும் பேசாமல் பிடுங்கினார்கள். பேசாமல் பிடுங்கினால் வேலை நகராது என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. களை எடுத்து முடித்தால்தான் பசளை உரம் போட்டுத் தண்ணீர் கட்டலாம். எங்கள் தண்ணீர் முறை கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் கடைக்காணிக்காரனுக்கு அடுத்த முறை கிடைக்குமா என்பது சந்தேகம். கோரையோ நெல்லுக்கு மேலே தலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஐயா பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார். அம்மாவும் மாமியும் குசினிக்குள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தப் போகம் போனால் எங்கள் வருஷம் போய்விடும் என்பது எனக்கே விளங்கியது.

அப்போது பார்த்து, ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நோட்டீஸ் எறிந்துவிட்டுப் போனது. கிளிநொச்சிக் கொட்டகையில் பழைய படம் ஒன்று திரும்ப வருகிறது. அதே படம். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தால்கூட இவ்வளவு கெதியாகப் பலிக்காது. நான் நோட்டீசைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன். அம்மா அதை வாசித்தார். பிறகு குனிந்து அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“அம்மா, இனி மாமி என்ன செய்வா?”

“எனக்குத் தலையிடிக்குது. நீங்கள் ஐயாவோட போய்ப் பாருங்கோ.”

படம் வர இன்னும் நாள் கிடந்தது. அதற்கு இப்போதே தலையிடிப்பது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. சந்தோஷம் கூடினாலும் தலையிடி வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் அம்மாவை விடுவதாக இல்லை. “போய்க் கண்ணால பாப்பம்” என்று பக்கத்துக் காணி அக்கா வந்து சொல்லிவிட்டார். “குளம் இருந்தால் அடுத்த நாளே உன்ர வயலில இறங்குறம். இல்லாட்டி எங்களைக் கேட்டு ஆளனுப்பாதை.” ஐயா உழவு இயந்திரத்துக்குப் பெட்டியைக் கொழுவினார். பகல் காட்சி. பெண்கள் எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்து, பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி ஏறினார்கள். அம்மாவைக் கையில் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். மாமி ஒருவருடைய கையையும் பிடிக்காமல் தானே ஏறி, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இனித்தான் விஷயம். திரும்பப் பார்க்கப் படம் தாங்கியதா?

தாங்கவில்லை. திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. பழைய றீல், கீறல் விழுந்திருந்தது. “குளம் முட்டப்போகுது” என்று பின்னால் ஒருத்தி நம்பிக்கையோடு சொன்னாள். கதாநாயகனின் வெள்ளைக் குதிரை வந்தது. அம்மா சொன்ன குதிரை வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டும். இது சமதரையிலேயே நொண்டியது. மந்திரி கோபத்தில் ஒரு தூணில் சாய்ந்தார், தூண் ஆடியது. ராசகுமாரி பேசியது குறைவு, பாடியது கூட, அழுதது அதைவிடக் கூட.

“இவளோ அவள்?” என்று பக்கத்துக் காணி அக்கா அம்மாவைக் கேட்டார்.

“அவள்தான்.”

“நீ சொன்னவள் உசாரான பெட்டையெல்லோ.”

ஒவ்வொரு காட்சிக்கும் எங்கள் பெண்கள் பிழை திருத்தினார்கள். இந்த இடத்தில் இடி முழங்கவேண்டும், ஏன் முழங்கவில்லை. இவன் இப்படிக் கெஞ்சுகிறவன் இல்லையே, கத்தியை எல்லவோ உருவுவான். முன்னால் இருந்த கிளிநொச்சிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் சனம் படத்தை எத்தனை தரம் பார்த்திருக்கும் என்று அவர்கள் யோசித்திருக்கவேண்டும். மாமி கண்ணை எடுக்காமல் நிமிர்ந்து இருந்து பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

இடைவேளை முடிந்து நெடுநேரம் கழித்து மந்திரிமார் சபையில் கூடினார்கள். வந்துவிட்டது என்று மாமியின் முகத்தைப் பார்க்கத் தயாரானேன். பெரிய மந்திரி வாயைத் திறந்தார். திரை ஒருமுறை வெட்டித் துள்ளியது. உடனே மேளம் கொட்டியது. ராசகுமாரிக்குக் கலியாணம். மாலை மாற்றினார்கள், பூத்தூவினார்கள், சுபம் என்று எழுத்து விழுந்தது. லைற்றைப் போட்டுவிட்டார்கள்.

கொட்டகை எழும்பியது. எங்கள் பெண்கள் எழும்பவில்லை.

“குளம் எங்கை?” என்றார் பக்கத்துக் காணி அக்கா.

அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அக்கா கேட்டது அம்மாவை அல்ல, திரையைப் பார்த்துத்தான் என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

“மந்திரி வாயைத் திறந்தவன் மூடேல்லை. அதுக்கிடையில கலியாணமோ? ஆரைப் பேய்க்காட்டுறாங்கள்? குளத்தைக் காட்டாமல் நாங்கள் எழும்பமாட்டம்.”

வரிசை முழுக்க “ஓம், எழும்பமாட்டம்” என்றது. இவ்வளவு சோகையான படத்தை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. நல்லதெல்லாம் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் வாசலில் நெருக்கினார்கள். கொட்டகை மனேச்சர் ஓடிவந்தார். மெலிந்த மனிதர், சேட்டு முழுக்க வேர்வை.

“என்னம்மா பிரச்சினை?”

“வெட்டினதைக் கொண்டுவந்து போடுங்கோ.”

மனேச்சரின் முகம் வெளிறியது. “ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்றார்.

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மனேச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரேயொரு றீல்தான் அம்மா. பிஞ்சு பிஞ்சு போகுது, ஒட்டி முடியேல்லை. அதை விட்டால் அடுத்த காட்சியும் நேரத்துக்குத் தொடங்கலாம். மற்ற ஊரில ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.”

“அந்த றீலில என்ன கிடந்தது?”

“எனக்கென்ன தெரியும். நான் எந்தநேரமும் வாசலில நிக்கிறனான்.”

பக்கத்துக் காணி அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு நேரே மாமியிடம் திரும்பினார். “அப்ப நீங்கள்தான் சொல்லவேணும். அந்தக் காலத்தில வெட்டாத படம் பாத்தனீங்கள். பொய் சொல்லாத ஆள் எண்டு ஊருக்கே தெரியும். குளம் இருந்ததோ, இல்லையோ?”

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாமி குடையை ஊன்றி எழும்பினார். அம்மாவைப் பார்த்தார். கதவோரம் நின்ற தன் தம்பியைப் பார்த்தார். பிறகு எங்கள் பெண்களின் வரிசையை ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரைக்கும் பார்த்தார்.

“ஓம், இருந்தது” என்றார். “எனக்குத்தான் மறந்துபோச்சு.”

நான் வாங்கிலில் ஏறி நின்று கைதட்டினேன். மாமி தோற்றுப்போனார். சாவகச்சேரி தோற்றுப்போனது. அம்மா வென்றுவிட்டார். அந்த நேரம் என்னைப் பிடித்து இறக்க ஒருவராலும் முடியவில்லை. மாமி என்னைத் திரும்பியும் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்:

“சொல்லுமன் மச்சாள். இந்தாள் வெட்டினதை இவையளும் கேக்கட்டும்.”

அம்மா எழும்பி முன்னால் போய்ச் சொன்னார். முதலில் குரல் நடுங்கியது. மழை பெய்யத் தொடங்கியதும் நடுக்கம் போய்விட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, “சத்தமாச் சொல்லுங்கோ” என்றார்கள். “முன்னுக்கு வாங்கோ” என்றார் அம்மா, வயலில் சொல்லுவது போலவே. கிளிநொச்சிக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். வாசலில் நின்ற அடுத்த காட்சிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். கடலைக்காரன் வந்தான். மந்திரிமார் விவாதித்தார்கள், ராசகுமாரி சேலையைச் செருகினாள், கதவுகள் வெள்ளத்தில் போயின. வெறும் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டி, “எழும்புங்கோ அப்பா” என்று அம்மா கேட்டபோது, முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் தன்னை அறியாமல் எழும்பிவிட்டார். சிங்காசனம் விழுந்தது. அப்படியொரு சத்தத்தை அம்மா அதற்கு முன்னும் பின்னும் எழுப்பியதில்லை. கொட்டகைத் தகரம் அதிரக் கைதட்டினார்கள். மந்திரிக்கும் மாலைமாற்றலுக்கும் தட்டாத கை.

மனேச்சர் தலையைச் சொறிந்தார். “நல்ல றீலைத்தான் விட்டிட்டன்” என்றார். “எப்பிடியாவது ஒட்டிப் போடுறன்.”

திரும்பிவரும்போது உழவு இயந்திரப் பெட்டி கோயில் தேர் மாதிரி ஆரவாரத்தோடு வந்தது. பரந்தன் சந்தியில் நின்றவர்களுக்குக்கூடச் செய்தி சொன்னோம். எல்லாரும் அம்மாவைத் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லி இழுத்தார்கள். அம்மா போய் மாமிக்குப் பக்கத்தில் இருந்தார். வீடு வரும்வரை மாமியின் குடை அம்மாவின் தலைக்கு மேலே இருந்தது. வென்றவர் ஏன் தோற்றவரோடு போய் இருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

பல வருஷங்களுக்குப் பிறகு என் இளையவள் அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தாள். வெட்டுப்படாத முழுப்படம். என் வயதையும் மறந்து கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். சபை கூடியது. பெரிய மந்திரி வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது ஒரு நீண்ட கொட்டாவி. அதைப் பார்த்து ஒரு கோமாளி கொட்டாவிப் பாட்டுப் பாடினான். அந்த றீல் முழுக்க அரண்மனையே கொட்டாவி விட்டது. குளமும் இல்லை, கட்டும் இல்லை. “எப்படியம்மா, இப்பவும் நல்லா இருக்கா?” என்று மகள் கேட்டாள். “அண்டைக்கே நல்லா இல்லைப் பிள்ளை” என்றேன். நிறுத்தச் சொல்லிவிட்டு, நல்ல படத்தை நானே சொன்னேன். பழைய படம் ஒன்றையும் தொடாத மூத்தவன்கூட வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்று கேட்டான்.

கொட்டகைக்குப் போய்வந்த அடுத்த நாள் விடியவே எங்கள் வயலில் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். காய்ச்சல்காரி வந்தாள், மாடு தொலைத்தவள் வந்தாள். அன்றும் அடுத்த நாளுமாகக் களை முடிந்து, தண்ணீர் முறைக்கு எங்கள் வயல் தயாராக நின்றது. அந்தப் போகத்து நெல்லைப் பற்றி ஐயா சாகும்வரை கதைத்தார்.

அன்று காலை, வரிசை புறப்படுகிற நேரத்தில், மாமி வரம்பில் குடையை மடித்து வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் எங்கள் வயலில் கால் வைத்தது அதுதான் முதல்முறை. அம்மா படத்தைத் தொடங்கினார். குளம் முட்டியது, கட்டு உடைந்தது. கதவுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடத்தில் அம்மா மூச்சு வாங்க நின்றபோது, மாமி குனிந்து கோரையைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

“அதுக்குப் பிறகு ஒருத்தி அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவளெல்லோ?”

அம்மா நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். மாமி நிமிரவில்லை.

“ஓம் மச்சாள்” என்றார் அம்மா. “அதை நான் விட்டிட்டன்.”

“ஆர் அவள்?” என்று பக்கத்துக் காணி அக்கா கேட்டார்.

“ராசாவின்ர தமக்கை” என்றார் மாமி.

மறந்துபோனதெல்லாம் மாமிக்கு ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டதே என்று எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது.